கையொப்பம் மட்டும் ஒப்புதல் ஆகாது: உளவியல் மாணவர்களுக்கு ஆய்வு நெறிமுறை பற்றிய ஓர் அறிமுகம்

உளவியல் பயிலும் ஒரு மாணவர் தமது ஆய்வுத் திட்டத்தைத் தொடங்கும்போது முதலில் தேடுவது ஒரு நல்ல வினாத்தாளையும், அதை நிரப்பித் தரப் போதுமான ஆட்களையும்தான். ஒப்புதல் படிவம் பெரும்பாலும் கடைசி நேரத்தில்தான் நினைவுக்கு வருகிறது. முந்தைய ஆண்டு மாணவர் ஒருவரின் அறிக்கையிலிருந்து அதை எடுத்து, தலைப்பை மட்டும் மாற்றி, வினாத்தாளின் முன்னால் இணைத்துவிடுகிறார்கள். அந்த ஒற்றைத் தாள் எதற்குச் சான்றாக இருக்க வேண்டும், அது வெறும் சடங்காகிப்போனால் யாருக்கு என்ன இழப்பு என்பதைப் புதிதாக ஆய்வுக்கு வரும் மாணவர்களுக்கு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தகவலறிந்த ஒப்புதல் என்பதன் பொருள் எளிமையானது. ஆய்வில் தம்மிடம் என்ன கேட்கப்படும், எவ்வளவு நேரமாகும், என்ன சங்கடம் நேரலாம், தாம் தரும் விவரங்கள் யாருடைய கைக்குப் போகும் என்பவற்றை ஒருவர் முன்கூட்டியே தெரிந்துகொள்கிறார், தெரிந்துகொண்டதை விளங்கிக்கொள்கிறார், யாருடைய வற்புறுத்தலும் இன்றிப் பங்கேற்கச் சம்மதிக்கிறார், சம்மதித்த பிறகும் எந்த நேரத்திலும் விலகிக்கொள்ளும் நிலையில் இருக்கிறார். தெரிதல், விளங்குதல், விரும்புதல், விலக முடிதல் என்ற இந்த நான்கில் ஒன்று இல்லாமற்போனாலும் மற்ற மூன்றுக்கும் மதிப்பில்லை. கையொப்பம் இந்த நான்கும் நடந்ததற்கான பதிவு. அவை நடக்காத இடத்தில் அது வெறும் மைதான்.

"நாங்கள் ஊசி போடுவதில்லை, மருந்து கொடுப்பதில்லை, கேள்விதானே கேட்கிறோம், இதில் என்ன தீங்கு வந்துவிடப்போகிறது?" என்று மாணவர்கள் கேட்பதுண்டு. நேர்மையான கேள்விதான், ஆனால் உளவியலில் கேள்வியே கருவி. தந்தையை இழந்து சில வாரங்களே ஆன ஒருவரிடம் இழப்பைப் பற்றிய 30 கேள்விகளைக் கொடுத்துவிட்டு, தாளை வாங்கிக்கொண்டு நாம் வந்துவிடலாம். அந்தக் கேள்விகள் அவரோடு வீடுவரை போகும். அவற்றை எதிர்கொள்ளத் தமக்கு இன்று தெம்பு இருக்கிறதா என்று முடிவு செய்யும் உரிமை அவருக்கு உண்டு. அந்த முடிவை எடுக்க வேண்டுமானால், கேள்விகள் எதைப் பற்றியவை என்பது அவருக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

விதிகள் பிறந்த கதை

இந்த நெறிகளை யாரும் நாற்காலியில் அமர்ந்து கற்பனையாக எழுதவில்லை. ஒவ்வொன்றின் பின்னாலும் மனிதர்கள் பட்ட துன்பம் இருக்கிறது. நாஜி வதைமுகாம்களில் கைதிகள்மீது சோதனைகள் நடத்திய மருத்துவர்களை விசாரித்த நீதிமன்றம் 1947இல் தந்த தீர்ப்பில் பத்து நெறிகள் இடம்பெற்றன. நியூரம்பெர்க் நெறிக்கோவை என்று அறியப்படும் அதன் முதல் நெறி, சோதனைக்கு உட்படும் மனிதரின் தன்னார்வ ஒப்புதல் முற்றிலும் இன்றியமையாதது என்கிறது. 1964இல் உலக மருத்துவச் சங்கம், மனிதர்களிடம் நடத்தும் மருத்துவ ஆய்வுக்கான நெறிகளைக் கொண்ட ஹெல்சிங்கி பிரகடனத்தை வெளியிட்டது.

ஆனால் இதே காலத்தில் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், டஸ்கிகீ என்ற ஊரைச் சுற்றி வேறொன்று நடந்துகொண்டிருந்தது. மேகநோய் (சிபிலிஸ்) கண்ட 399 கறுப்பின ஆண்களும், ஒப்பீட்டுக்காக நோயில்லாத 201 பேரும் 1932 முதல் ஓர் அரசு ஆய்வில் கண்காணிக்கப்பட்டனர். தங்களுக்கு என்ன நோய் என்பதோ, தாங்கள் எத்தகைய ஆய்வில் இருக்கிறோம் என்பதோ அவர்களுக்குச் சொல்லப்படவில்லை. 1940களின் பிற்பகுதியில் பெனிசிலின் அந்நோய்க்கு ஏற்கப்பட்ட மருந்தாகிவிட்ட பிறகும் அவர்களுக்கு அது தரப்படவில்லை. 1972இல் செய்தித்தாள்கள் இதை வெளிக்கொண்டுவந்த பிறகே ஆய்வு நின்றது. இதைத் தொடர்ந்து 1974இல் அமைக்கப்பட்ட தேசிய ஆணையம் 1979இல் வெளியிட்டதுதான் பெல்மாண்ட் அறிக்கை. மனிதரை மதித்தல், நன்மையைப் பெருக்கித் தீங்கைக் குறைத்தல், ஆய்வின் சுமையையும் பயனையும் நியாயமாகப் பங்கிடுதல் என்ற மூன்று கொள்கைகளை அது முன்வைத்தது. தகவலறிந்த ஒப்புதல் இவற்றுள் முதலாவதிலிருந்து பிறப்பது. மூன்றாவதையும் மாணவர்கள் மறந்துவிடக் கூடாது. எளிதில் கிடைக்கிறார்கள் என்பதற்காகவே விடுதிகளிலும் காப்பகங்களிலும் இருப்பவர்களிடம் மீண்டும் மீண்டும் வினாத்தாளோடு போய் நிற்பது அந்தக் கொள்கைக்கு எதிரானது.

உளவியலின் சொந்த வரலாற்றுக்கு வருவோம். 1961இல் யேல் பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி மில்கிராம் தொடங்கிய கீழ்ப்படிதல் சோதனைகளைப் பாடநூலில் படிக்காத உளவியல் மாணவர் இருக்க முடியாது. நினைவாற்றலையும் கற்றலையும் பற்றிய ஆய்வு என்று சொல்லி அழைக்கப்பட்டவர்கள், அடுத்த அறையில் இருந்தவர் தவறான விடை சொல்லும்போதெல்லாம் மின்னதிர்ச்சி தரும்படி பணிக்கப்பட்டார்கள். அதிர்ச்சி உண்மையில் யாருக்கும் செல்லவில்லை. அது அவர்களுக்குத் தெரியாது. 1963இல் வெளியான முதல் ஆய்வறிக்கையின்படி 40 பேரில் 26 பேர் உச்ச அளவான 450 வோல்ட் வரை சென்றார்கள். வியர்த்தும் நடுங்கியும் உதட்டைக் கடித்துக்கொண்டும்தான் சென்றார்கள் என்பதையும் அந்த அறிக்கையே பதிவு செய்திருக்கிறது.

பாடநூல்கள் 26 என்ற எண்ணோடு நின்றுவிடுகின்றன. ஒப்புதலைப் பற்றிப் பேசும் நாம் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். பங்கேற்பாளர் தயங்கியபோது சொல்வதற்கென்று சோதனையாளரிடம் நான்கு வாக்கியங்கள் தயாராக இருந்தன. முதலாவது, தயவுசெய்து தொடருங்கள் என்ற வேண்டுகோள். நான்காவது, உங்களுக்கு வேறு வழியில்லை, நீங்கள் தொடர்ந்தே ஆக வேண்டும் என்ற கட்டளை. வந்ததற்கான பணம் எப்படியும் அவர்களுக்கு உரியது என்று தொடக்கத்தில் சொல்லப்பட்டிருந்தது. ஆனால் எழுந்து போகலாமா என்று உண்மையிலேயே தவித்த நேரத்தில் அவர்கள் காதில் விழுந்தது அந்த நான்காவது வாக்கியம். விலகும் உரிமை தேவைப்பட்ட அதே நிமிடத்தில் அது மறுக்கப்பட்டது. 1964இல் உளவியலாளர் டயானா பாம்ரிண்ட் இந்தச் சோதனையைக் கடுமையாக விமர்சித்தார். மில்கிராம், பின்னர் தாம் அனுப்பிய கேள்வித்தாளுக்கு விடையளித்தவர்களில் 84 விழுக்காட்டினர் பங்கேற்றதில் மகிழ்ச்சியே தெரிவித்ததாக எடுத்துக்காட்டினார். ஒருவர் பின்னால் மகிழ்ந்தார் என்பது முன்னால் அவரிடம் கேட்காமல் செய்ததற்கு ஈடாகாது என்பதே என் கருத்து.

1971இல் உளவியலாளர் பிலிப் ஜிம்பார்டோ, மாணவர்களில் சிலரைக் காவலர்களாகவும் சிலரைக் கைதிகளாகவும் நடிக்கவைத்து ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் நடத்திய சிறைச் சோதனை இதையே வேறு கோணத்தில் காட்டுகிறது. இரண்டு வாரத்துக்குத் திட்டமிட்ட அது ஆறு நாளில் நிறுத்தப்பட்டது. கைதிகளாக நடித்த மாணவர்களிடம், இதுவரை ஈட்டிய ஊதியத்தைக் கைவிட்டால் வெளியேறச் சம்மதமா என்று கேட்டபோது பெரும்பாலோர் சம்மதித்தார்கள். உங்கள் கோரிக்கையைப் பரிசீலிக்கிறோம் என்றதும் எழுந்து தங்கள் அறைகளுக்கே திரும்பிச் சென்றார்கள். பணம் வேண்டாம் என்றான பிறகு அவர்களைத் தடுத்து வைக்க எதுவும் இல்லை. இருந்தும் வெளியேறலாம் என்ற எண்ணமே அவர்களுக்கு எழவில்லை. விலகும் உரிமை படிவத்தில் ஒரு வரியாக இருப்பதற்கும், பங்கேற்பாளர் மனத்தில் உயிரோடு இருப்பதற்கும் உள்ள தூரம் இவ்வளவு.

ஒரு வகுப்பறைக் காட்சி

மாணவர் திட்டங்களில் இவ்வளவு பெரிய மீறல்கள் நடப்பதில்லை. அங்கே நடப்பவை சிறியவை. ஆகவே கண்ணில் படாதவை. ஒரு வகுப்பறையை எண்ணிப் பாருங்கள். ஆசிரியர் பாடத்தை முடித்துவிட்டு, "இவர் உங்கள் சீனியர். இவருடைய புராஜெக்டுக்கு ஒரு ஃபார்ம் நிரப்பிக் கொடுத்துவிட்டுப் போங்கள்" என்கிறார். தாள்கள் முன்வரிசையிலிருந்து பின்வரிசைக்குக் கைமாறுகின்றன. ஆசிரியர் வாசலருகே நிற்கிறார். மூன்றாம் வரிசையில் ஒரு மாணவி பக்கத்தைப் புரட்டுகிறாள். கேள்விகள் உண்ணும் பழக்கத்தையும் உடல் தோற்றத்தையும் பற்றியவை என்று கண்டதும் பேனாவைக் கீழே வைக்கிறாள். பக்கத்தில் இருப்பவள் எழுதத் தொடங்கிவிட்டாள். வெற்றுத் தாளைத் திருப்பிக் கொடுத்தால், ஏன் என்று யாராவது கேட்பார்கள். சிறிது நேரம் கழித்து அவள் பேனாவை எடுத்து, ஒப்புதல் படிவத்தில் கையொப்பமிட்டு, எல்லாக் கேள்விகளுக்கும் நடுக்கட்டத்திலேயே டிக் போட்டுக் கொடுத்துவிடுகிறாள்.

படிவம் ஒழுங்காக இருக்கிறது, கையொப்பம் இருக்கிறது, தேதியும் இருக்கிறது. ஒப்புதல் மட்டும் இல்லை. கூடவே தரவும் கெட்டுவிட்டது. நடுக்கட்டத்தில் விழுந்த அந்த டிக்குகள் அவளுடைய மனநிலையைச் சொல்லவில்லை. அந்த அறையிலிருந்து தப்பிக்க அவள் கண்ட வழியைச் சொல்கின்றன. நெறிமுறையை ஆய்வுக்குத் தடை என்று நினைக்கும் மாணவர்கள் இதை யோசிக்க வேண்டும்: வற்புறுத்தி வாங்கிய விடை அறிவியலுக்கும் பயன்படாது.

இதைச் சரிசெய்வது கடினமன்று. ஆய்வைப் பற்றி அறிவிப்பதை ஒரு நாளும், தரவு திரட்டுவதை இன்னொரு நாளும் வைத்துக்கொள்ளலாம். அப்போது வர விரும்புபவர் மட்டும் வருவார். வகுப்பிலேயே செய்வது தவிர்க்க முடியாததானால், ஆசிரியர் அறையைவிட்டு வெளியேறட்டும். எல்லாருக்கும் ஓர் உறை கொடுங்கள். நிரப்பியவரும் நிரப்பாதவரும் ஒரே மாதிரி உறையை ஒட்டி ஒரே பெட்டியில் போடட்டும். யார் மறுத்தார் என்பது யாருக்கும், உங்களுக்கும்கூட, தெரிய வராது. பங்கேற்பவருக்கு மதிப்பெண் தரும் வழக்கம் உள்ள இடத்தில், பங்கேற்க விரும்பாதவருக்கு அதற்கு நிகரான வேறொரு பணியைத் தர வேண்டும் என்று அமெரிக்க உளவியல் சங்கத்தின் நெறிமுறைக் கோவை சொல்கிறது. நிகரான என்ற சொல் முக்கியமானது. பத்து நிமிட வினாத்தாளுக்கு மாற்றாக இருபது பக்கக் கட்டுரை கேட்டால் அது மாற்று ஆகாது, தண்டனை.

நண்பர்களிடமும் உறவினர்களிடமும் தரவு திரட்டுவதிலும் இதே சிக்கல் உண்டு. "நீ செய்யாவிட்டால் யார் செய்வார்கள்?" என்பது அன்பான சொல்தான்; ஆனால் அதைக் கேட்ட பிறகு மறுக்க இயலாது.

படிவத்தின் மொழி

பல படிவங்களில் காணப்படும் வாக்கியம் இப்படி அமைந்திருக்கும்: "மேற்படி ஆய்வின் நோக்கம் எனக்கு முழுமையாக விளக்கப்பட்டது என்றும், இதில் பங்கேற்பதால் எனக்கு எவ்விதப் பாதிப்பும் இல்லை என்றும் இதன்மூலம் உறுதியளிக்கிறேன்." பங்கேற்பாளர் ஆய்வாளருக்கு உறுதியளிக்கிறார்! உறுதியளிக்க வேண்டியவர் யார்? பாதிப்பு நேராது என்பது அவருக்கு எப்படித் தெரியும்? இந்த வாக்கியம் ஆய்வாளரின் பாதுகாப்புக்காக எழுதப்பட்டது.

அதே இடத்தில் இப்படி எழுதலாம்: "நான் முதுகலை உளவியல் இரண்டாம் ஆண்டு மாணவி. தூக்கத்துக்கும் மனச்சோர்வுக்கும் உள்ள தொடர்பைப் பற்றி ஆய்வு செய்கிறேன். 40 கேள்விகள் உள்ளன. ஏறத்தாழ 15 நிமிடம் ஆகும். சில கேள்விகள் நீங்கள் மனம் தளர்ந்திருந்த நாட்களை நினைவுபடுத்தலாம். விரும்பாத கேள்வியை விட்டுவிடலாம். பாதியில் நிறுத்தினாலும் காரணம் கேட்க மாட்டேன்." இதில் கடினமான சொல் ஒன்றும் இல்லை. இதனோடு மாணவருடைய, வழிகாட்டியுடைய தொடர்பு விவரங்களும், புகார் இருந்தால் யாரை அணுகலாம் என்பதும் சேர்ந்தால் விளக்கத் தாள் பெருமளவு முழுமை பெறும். அதன் ஒரு பிரதி பங்கேற்பாளரிடமே இருக்க வேண்டும்.

எழுத்தறிவு குறைந்தவர்களுக்குப் படித்துக்காட்டினால் மட்டும் போதாது. படித்த பின், "நான் சொன்னதில் உங்களுக்கு என்ன புரிந்தது, உங்கள் வார்த்தையில் சொல்லுங்களேன்" என்று கேளுங்கள். தமக்குச் சிகிச்சை கிடைக்கும் என்றோ, ஏதோ உதவித்தொகைக்குப் பதிவு நடக்கிறது என்றோ அவர் நினைத்துக்கொண்டிருந்தால் அப்போதுதான் தெரியவரும்.

ஒன்பதாவது கேள்வி

மனச்சோர்வை அளக்க மாணவர்கள் மிகுதியாகப் பயன்படுத்தும் கருவிகளில் ஒன்று பிஎச்கியூ-9. ஒன்பதே கேள்விகள், இலவசமாகக் கிடைப்பது, நிரப்புவதும் எளிது. அதன் ஒன்பதாவது கேள்வி, இறந்துவிட்டால் நல்லது என்றோ தம்மைத் தாமே காயப்படுத்திக்கொள்ளலாம் என்றோ கடந்த இரண்டு வாரங்களில் எண்ணம் வந்ததா என்று கேட்கிறது. இப்போது, பெயர் கேட்காத ஓர் இணையப் படிவத்தில் இந்தக் கேள்வியை நீங்கள் சேர்த்திருக்கிறீர்கள். இரவு 11 மணிக்கு யாரோ ஒருவர் அதற்கு "ஏறத்தாழ ஒவ்வொரு நாளும்" என்று பதிலளிக்கிறார். நீங்கள் அதை மூன்று வாரம் கழித்து, எக்செல் தாளில் 3 என்ற எண்ணாகப் பார்க்கிறீர்கள். அவர் யார் என்று உங்களுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை.

இந்த நிலையை முன்கூட்டியே எண்ணிப் பார்க்காமல் இக்கருவியைக் கையில் எடுப்பது சரியன்று. பெயரில்லாத படிவமானால், உதவி எண்களும் ஆலோசனை கிடைக்கும் இடங்களும் அந்தக் கேள்வி உள்ள பக்கத்திலேயே இருக்க வேண்டும். கடைசிப் பக்கத்தில் வைத்தால், பாதியில் மூடிவிட்டுப் போனவரின் கண்ணில் அவை படாது. இப்படிவத்தை யாரும் உடனுக்குடன் பார்ப்பதில்லை என்பதையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள், ஏனெனில் தம் விடையைக் கண்டு யாராவது அழைப்பார்கள் என்று ஒருவர் காத்திருக்கக்கூடும். பெயரோடு தரவு திரட்டுவதானால், அன்றைக்கன்றே விடைகளைப் பார்ப்பது யார், ஆபத்து தெரிந்தால் எந்த வல்லுநரிடம் சொல்வது என்பதை வழிகாட்டியோடு பேசி எழுதி வைத்திருக்க வேண்டும். உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் இரகசியம் காக்க இயலாது என்பதைப் படிவத்திலும் சொல்லியிருக்க வேண்டும். மாணவர் தாமே ஆலோசகராக மாறிவிட முயலக் கூடாது. இந்த ஏற்பாடுகளுக்கு வசதி இல்லையென்றால், அந்தக் கேள்வி இல்லாத வேறு கருவியைத் தேர்ந்தெடுப்பதே பொறுப்பான முடிவு.

பெயர் இல்லாமையும் இரகசியமும்

இவ்விரண்டையும் மாணவர்கள் ஒன்றாக எண்ணிவிடுகிறார்கள். யார் தந்த விடை என்பது ஆய்வாளருக்கே தெரியாது என்றால் அது பெயரில்லாத தரவு. ஆய்வாளருக்குத் தெரியும், ஆனால் வெளியே சொல்ல மாட்டார் என்றால் அது இரகசியம் காத்தல். கூகுள் ஃபார்மில் மின்னஞ்சல் முகவரியைச் சேகரிக்கும் வசதியை அணைக்காமல் விட்டுவிட்டு, மேலே "உங்கள் அடையாளம் கேட்கப்படாது" என்று எழுதியிருந்தால், அது கவனக்குறைவால் நேர்ந்ததானாலும் பொய்தான்.

பெயரை நீக்கிவிட்டாலும் ஆள் மறைந்துவிடுவதில்லை. வயது, பாலினம், துறை, ஆண்டு என்ற நான்கு விவரங்கள் சேர்ந்தால், சிறிய வகுப்பில் 41 வயதில் படிக்க வந்திருக்கும் ஒரே பெண்ணை யாரும் கண்டுபிடித்துவிடலாம். நேர்காணல் ஆய்வுகளில் இது இன்னும் கூர்மையானது. ஒருவர் வழக்கமாகச் சொல்லும் ஒரு சொற்றொடரை அப்படியே மேற்கோள் காட்டினால் அவருடைய நண்பர்கள் அடையாளம் கண்டுகொள்வார்கள். தேவையில்லாத விவரத்தைக் கேட்காமலே விடுவதுதான் முதல் பாதுகாப்பு. பெயருக்கும் குறியெண்ணுக்கும் உள்ள பட்டியலைத் தரவிலிருந்து பிரித்து வேறிடத்தில் வைக்க வேண்டும். ஒலிப்பதிவுகளை வாட்ஸ்அப்பில் தோழிக்கு அனுப்பி எழுத்தாக்கித் தரச் சொல்வது பலர் செய்வதுதான். பங்கேற்பாளர் அதற்குச் சம்மதித்தாரா என்று கேட்டுக்கொண்டால் விடை தெரிந்துவிடும்.

விலகும் உரிமைக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. பெயரில்லாத விடையை அனுப்பிய பிறகு அதைத் தேடி எடுத்து நீக்க முடியாது. ஆகவே, அனுப்பும்வரைதான் விலக முடியும் என்று முன்பே சொல்ல வேண்டும்.

இணையத்தில் பொதுவெளியில் கிடைக்கும் பதிவுகளை எடுத்துக்கொண்டால் ஒப்புதலே தேவையில்லை என்ற எண்ணமும் பரவலாக உண்டு. 2014இல் வெளியான ஓர் ஆய்வு இங்கே நினைவுக்கு வரும். 2012 ஜனவரியில் ஒரு வாரம் 6,89,003 ஃபேஸ்புக் பயனர்களின் பக்கங்களில் தோன்றும் பதிவுகளின் உணர்ச்சித் தொனியை மாற்றி, அது அவர்கள் எழுதுவதைப் பாதிக்கிறதா என்று அதில் பார்த்தார்கள். கணக்கு தொடங்கும்போது ஏற்ற நிபந்தனைகளே ஒப்புதலாகக் கொள்ளப்பட்டன. வெளியிட்ட ஆய்விதழே பின்னர் அதைக் குறித்துக் கவலை தெரிவித்து ஒரு குறிப்பை வெளியிட நேர்ந்தது.

உண்மையை மறைத்துச் செய்யும் ஆய்வுகள்

நோக்கத்தை முன்பே சொல்லிவிட்டால் சில ஆய்வுகளைச் செய்யவே முடியாது என்பது உண்மை. ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விடுவதற்கும் பொய் சொல்வதற்கும் வேறுபாடு உண்டு. "முடிவெடுத்தல் பற்றிய ஆய்வு" என்று பொதுவாகச் சொல்வது முதல் வகை. "உங்கள் அறிவுத்திறன் மதிப்பெண் சராசரிக்கும் கீழே" என்று பொய்யான முடிவைக் கொடுத்து மனநிலையைச் சோதிப்பது இரண்டாம் வகை. கடும் மனத்துயர் தரக்கூடியதை மறைத்து ஆய்வு செய்யக் கூடாது என்பதும், மறைத்ததைக் கூடிய விரைவில், முடிந்தால் பங்கேற்பு முடிந்தவுடனேயே விளக்க வேண்டும் என்பதும், அதைக் கேட்டபின் தம் தரவைத் திரும்பப் பெறப் பங்கேற்பாளருக்கு வாய்ப்புத் தர வேண்டும் என்பதும் ஏற்கப்பட்ட நெறிகள். முதல் முறையாக ஆய்வு செய்யும் மாணவர் இரண்டாம் வகையைத் தொடாமல் இருப்பதே நல்லது என்பேன். பொய்யான மதிப்பெண்ணைக் கேட்டு ஒருவர் முகம் வாடுவதை எதிரில் அமர்ந்து பார்த்து, பின் அதை முழுமையாக ஆற்றிவிட்டு அனுப்புவதற்கு அனுபவம் வேண்டும்.

குழந்தைகளிடம் ஆய்வு செய்யும்போது பெற்றோரின் ஒப்புதலோடு குழந்தையின் இசைவும் தேவை. 1920இல் உளவியலாளர்கள் ஜான் வாட்சனும் ரோசலி ரெய்னரும் ஆல்பர்ட் என்று பெயரிட்டு எழுதிய கைக்குழந்தைக்கு வெள்ளை எலியைக் கண்டால் அஞ்சும்படி பழக்கினார்கள். அந்த அச்சத்தைப் போக்காமலே குழந்தை அங்கிருந்து அழைத்துச் செல்லப்பட்டது. பேசத் தெரியாத குழந்தையும் அழுகையால் மறுப்பைச் சொல்கிறது. ஏழு வயதுச் சிறுவன் நாற்காலியைவிட்டு இறங்கி அம்மாவிடம் ஓடினால், அம்மாவின் கையொப்பம் இருந்தாலும் அன்றைய சோதனை முடிந்தது.

இவற்றையெல்லாம் தனியாக முடிவு செய்யும் சுமை மாணவருக்கு இல்லை. நெறிமுறைக் குழு இருப்பது அதற்காகத்தான். தரவு திரட்டத் தொடங்கும் முன்பே அதன் அனுமதி கையில் இருக்க வேண்டும்; திரட்டிய பிறகு வாங்கும் அனுமதிக்குப் பொருள் இல்லை. உங்கள் கல்வி நிலையத்தில் அப்படியொரு குழு இல்லையென்றால், வழிகாட்டியோடு ஆய்வில் தொடர்பில்லாத இன்னொரு ஆசிரியரிடமும் வினாத்தாளையும் விளக்கத் தாளையும் படித்துப் பார்க்கக் கொடுங்கள். ஆய்வு மாதிரியைச் சேர்ந்த ஒருவரிடம் காட்டி, இதைப் படித்தால் உங்களுக்கு என்ன தோன்றுகிறது என்று கேட்பது அதைவிடவும் உதவும்.

அறிக்கை சமர்ப்பித்து, வாய்மொழித் தேர்வும் முடிந்த பிறகு இரண்டு வேலைகள் மீதமிருக்கும். முடிவுகளை அறிய விரும்பியவர்களுக்கு ஒரு பக்கச் சுருக்கத்தை எளிய மொழியில் அனுப்ப வேண்டும். பெயர்ப்பட்டியலையும் ஒலிப்பதிவுகளையும் எந்த நாளுக்குள் அழிப்பதாகப் படிவத்தில் எழுதியிருந்தீர்களோ, அந்த நாளுக்குள் மடிக்கணினியிலிருந்தும், கைப்பேசியிலிருந்தும், தானாகப் பிரதி எடுத்து வைத்திருக்கும் இணையச் சேமிப்பிலிருந்தும் அழித்துவிட வேண்டும்.